பொது மோட்டாரும் கரடியின் நேரலையும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. சிரிக்க வேண்டாம், இன்னும் எதுவும் நடக்கவில்லை.

இந்தக் கதையில் சிரிப்பதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது. வயிறு வலிக்கும், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் அது கடைசியில்தான் வருகிறது. நடுவில் அங்கங்கே சிரிப்பு வருவது போல இருக்கும். அதையெல்லாம் கூட்டத்தில் வரும் தும்மலைப் போல மூக்கைப் பிடித்து அடக்கிக்கொள்ளவும். இடம் வந்ததும் நானே சொல்கிறேன்.

கரடியின் பெயர் சடையாண்டி. அந்தக் காட்டில் எல்லா விலங்குகளிடமும் போன் இருந்தது. எல்லாப் போனிலும் 'கிளை' என்று ஒன்று இருந்தது. மனதில் பட்டதை எழுதிக் கிளையில் தொங்கவிடலாம். பிடித்திருந்தால் மற்றவர்கள் ஓர் இலை போடுவார்கள். சடையாண்டிக்கு விழுந்த இலைகளைக் கூட்டிப் பெருக்கினால் காட்டுக்கே மெத்தை தைக்கலாம். காலையில் ஒரு கேள்வி கேட்கும், மதியம் ஒன்று, தேன் குடிக்கும்போது ஒன்று. எல்லாமே "நண்பர்களே, கேள்வி கேட்போம்" என்றுதான் தொடங்கும். யாராவது பதில் சொல்லிவிட்டால் மட்டும் அதற்குக் கோபம் வரும். நல்ல கேள்வி ஒன்று வீணாய்ப் போகிறதே. போன வருடம் கிளையில் அதற்கு 'சிறந்த கேள்வியாளர்' என்று கேடயம் கொடுத்தார்கள். அதைத் தன் குகையில் தேன்சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

அதே காட்டில் ஒரு பொது மோட்டார் இருந்தது. ஓடை வற்றிப்போன வருடம் எல்லா விலங்குகளும் சேர்ந்து வாங்கியது. சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, ஆழத்திலிருந்து தண்ணீரை இழுத்துத் தொட்டியில் கொட்டும். தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும். அறை வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'இது உங்கள் சொத்து. உள்ளே வராதீர்கள்.'

அந்தப் பள்ளத்தில் பச்சையம்மா என்ற தவளை முட்டையிட்டிருந்தது. முட்டைகள் பொரிந்து, பள்ளம் முழுக்கத் தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன.

ஒருநாள் மோட்டார் நின்றுபோனது.

மற்ற விலங்குகளுக்கு அது பெரிய கஷ்டமில்லை. மலைக்குக் கீழே ஆறு ஓடியது, நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தன. தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கவில்லை. பள்ளம்தான் அவற்றுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஊர் எல்லாம். வெயில் அந்த ஊரை ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டு வந்தது.

பச்சையம்மா தத்தித் தத்திச் சடையாண்டியின் குகைக்குப் போனது.

"அண்ணே, மோட்டார் ஓடல."

"ஓடலையா? நெசமாவா?" சடையாண்டியின் முகம், பலாப்பழத்தைப் பிளந்தது போல மலர்ந்தது. "பொது மோட்டார்தானே? பொதுதானே அது?"

"ஆமாண்ணே. பள்ளம் காயுது. புள்ளைங்களுக்குக் கால் முளைக்கிற வரைக்கும் தண்ணி நின்னாப் போதும். அப்புறம் அதுங்க பாட்டை அதுங்க பாத்துக்கும். பக்கத்துலதான், ஒரு எட்டு வந்து பாக்குறீங்களா?"

"பாக்குறது நம்ம வேலை இல்ல தங்கச்சி. கேக்குறதுதான் நம்ம வேலை. கொஞ்சம் அப்படித் திரும்பு. கண்ணை இன்னும் வெளியில கொண்டா. ஆங், அப்படியே வாடின மாதிரி உக்காரு."

"எனக்குக் கண்ணு எப்பவுமே இப்படித்தாண்ணே இருக்கும்."

"அதுதான் வேணும்," என்று சொல்லிப் படம் எடுத்தது சடையாண்டி.

பிறகு கிளையில் எழுதியது: 'நண்பர்களே, கேள்வி கேட்போம். பொது மோட்டார் ஓடவில்லை. ஒரு தாயின் கண்களைப் பாருங்கள். யார் பொறுப்பு? யார் பொறுப்பு? யார் பொறுப்பு?'

மூன்று தடவை கேட்டால் இலை மூன்று மடங்கு விழும் என்பது அதன் அனுபவம். விழுந்தது. கருத்துகளும் விழுந்தன.

மயில், தோகையை விரித்துக்கொண்டே தட்டச்சு செய்தது: 'பொதுச் சொத்து எனில் அதன் அகமும் பொதுவாதல் வேண்டும். மோட்டாரைப் பிரித்து, பாகம் பாகமாக ஒவ்வொரு குடிவிலங்கின் பார்வைக்கும் வைத்திடுக. ஓடுவதெல்லாம் இரண்டாம்பட்சமே.'

நரி நிதானமாக எழுதியது: 'உணர்ச்சிவசப்படாமல் யோசிப்போம். பொதுவில் இருக்கிற எதுவும் உருப்படாது. மோட்டாரை முதலையிடம் ஒப்படைத்துவிடலாம். தண்ணீர்த் துறையில் முதலைக்கு அனுபவம் அதிகம். தண்ணீர் குடிக்கப் போன யாரும் திரும்பி வந்து முதலையைப் பற்றி இதுவரை ஒரு புகார்கூடச் சொன்னதில்லை.'

காட்டுப்பன்றி நேராக முட்டியது: 'இப்ப கேக்குறியே, போன தடவை கழுதைப்புலி தலைவரா இருந்தப்ப ஓடையே வத்துச்சே, அப்ப எந்தப் பொந்துல இருந்தே?' இதற்குக் கீழே ஓடையை வற்ற வைத்தது கழுதைப்புலியா அதற்கு முந்தைய தலைவரா என்று ஒரு சண்டை தொடங்கி, நீளமாக, சுகமாக, மோட்டார் என்ற பேச்சே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

மந்தி எங்கிருந்தோ வந்ததை அப்படியே ஒட்டியது: 'அவசரச் செய்தி. பக்கத்துக் காட்டில் மோட்டார் தானாக எழுந்து வீடு வீடாக நடந்து போய்த் தண்ணீர் ஊற்றுகிறதாம். உண்மையா தெரியாது. தெரிவதற்குள் பகிரவும்.'

எல்லோரும் ஆதரவாக முகப்புப் படத்தில் மோட்டாரை வைத்தார்கள். மோட்டாரை நேரில் பார்த்தவர் குறைவு என்பதால் ஆளுக்கொரு படம் வைத்தார்கள். காட்டுப்பன்றி வைத்தது மிக்ஸி.

சிரிக்க வேண்டாம் என்று சொன்னேனே.

காட்டுப் பொது இயந்திரக் குழுவின் தலைவர் காட்டெருமை. அது ஓர் அறிக்கை விட்டது: 'மேற்படி மோட்டார் ஓடாதது குறித்துத் தகவல் ஏதும் வரப்பெறவில்லை. வரப்பெற்ற தகவல் பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை முடிவுற்றதும், மேற்படி மோட்டார் என ஒன்று உள்ளதா என்பது அறிவிக்கப்படும்.'

"அண்ணே, பதில் வந்திருக்கே, தண்ணி எப்ப வரும்?" என்று பச்சையம்மா கேட்டது.

"தண்ணியா? தங்கச்சி, நாம இப்ப அதையெல்லாம் தாண்டி வந்துட்டோம்," என்றது சடையாண்டி.

பச்சையம்மா பள்ளத்துக்குத் திரும்பியது. நடுவிலிருந்த கல் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. தலைப்பிரட்டைகள் அந்தக் கல்லைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

மோட்டார் அறையின் ஓட்டின்மேல் ஒரு கரிச்சான் குருவி வசித்தது. இளவட்டம். காட்டில் எந்தக் குரலைக் கேட்டாலும் அடுத்த நிமிடம் அதே குரலில் பேசும். காட்டெருமையின் குரலில் "கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிக் குழுவையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. மயில் குரலில் அகவி, மயிலையே தேட வைத்திருக்கிறது. அதனால் அதை எல்லோருக்கும் தெரியும். அதன் சொந்தக் குரல் மட்டும் யாருக்கும் தெரியாது.

பச்சையம்மா அழுததை ஓட்டின்மேலிருந்து கேட்ட கரிச்சான், ஓட்டுச் சந்து வழியாக அறைக்குள் இறங்கிப் பார்த்தது. மோட்டாருக்கு ஒரு நோயும் இல்லை. சுவரில் பிளக் சொருக ஒரே ஒரு பாயிண்ட். அதில் இருக்க வேண்டிய மோட்டாரின் பெரிய பிளக், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் மெல்லிய வெள்ளை வயர் ஒன்று சொருகியிருந்தது. வயர் பின்பக்க ஜன்னல் வழியாக வெளியே போய், புதருக்குள் நுழைந்து, ஒரு பாறைப் பிளவுக்குள் மறைந்தது. கரிச்சான் மேலாகப் பறந்து போய்ப் பார்த்தது.

பாறைக்கு அந்தப் பக்கம், சடையாண்டியின் குகை.

நடந்தது இதுதான். புதுப் போன் வந்த அன்று சடையாண்டி நீளமான சார்ஜர் வயரோடு கரண்ட் தேடிக் கிளம்பியிருக்கிறது. குகைக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு சுவர், சுவரில் ஒரு ஜன்னல். ஏதோ பாழடைந்த சுவர் என்று நினைத்து, ஜன்னல் வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுத் துழாவியிருக்கிறது. கையில் ஏதோ ஒரு பிளக் தட்டுப்பட்டது. பிடுங்கியது. தன்னுடையதைச் சொருகியது. வயரைப் பாறைப் பிளவில் விட்டுக் குகைக்குள் இழுத்துக்கொண்டது. அந்தக் கரண்டில்தான் மோட்டார் ஏன் ஓடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

தெரியும், இங்கே உதடு துடிக்கும். இது இல்லை அந்த இடம்.

கரிச்சான் குகை வாசலுக்கு வந்தது. "அண்ணே, மோட்டாரோட பிளக்கைப் பிடுங்கியிருக்கு. பிடுங்கினது நீங்கதான்."

சடையாண்டி நிமிர்ந்தது. "இது யார் குரல்?"

"என் குரல்தாண்ணே."

"உனக்கு ஏதுடா குரல்? யார் சொல்லச் சொன்னா? எருமையா, நரியா?"

"யாரும் சொல்லல. நானேதான் பாத்தேன். வந்து பாருங்க."

சடையாண்டி எழுதியது: 'நண்பர்களே, கேள்வி கேட்பவனை மிரட்ட ஒரு பறவையை அனுப்பியிருக்கிறார்கள். அஞ்சமாட்டேன்.' அன்றைக்கு விழுந்த இலையில் குகை வாசலே மூடிக்கொண்டது.

கரிச்சானும் பச்சையம்மாவும் தாங்களே முயன்று பார்த்தார்கள். கரிச்சான் வெள்ளை வயரை அலகால் கவ்வி இழுத்தது. பச்சையம்மா அதன் வாலைப் பிடித்து இழுத்தது. கரடி சொருகிய பிளக், சுவரோடு பிறந்தது போல அசையாமல் இருந்தது.

"வயரைக் கடிச்சு அறுத்துடலாமா அக்கா?"

"அறுத்தா நீ கருகிப் போயிடுவே. இப்பவே கருப்பாத்தான் இருக்கே, ஆனா உயிரோட இருக்கே," என்றது பச்சையம்மா.

கடைசியில் கரிச்சான் சுவிட்ச் மேல் உட்கார்ந்து ஒரு குதி குதித்தது. சுவிட்ச் அணைந்தது. சார்ஜ் நின்றால் கரடி வரும், வந்தால் பார்க்கும் என்பது திட்டம்.

கரடி வந்தது. புதருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகக் கையை மட்டும் விட்டது. தொங்கிய பெரிய பிளக் விரலில் இடித்தது. "சை, என்னமோ தொங்குது," என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவிட்சைத் தடவிப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த பதிவு: 'என் கரண்டில் கை வைத்த அந்தச் சதிகாரன் யார்?'

மறுநாள் பள்ளம், பள்ளமாக இல்லை. கல்லின் நிழலில் ஓர் உள்ளங்கைத் தண்ணீர். அதற்குள் அத்தனை தலைப்பிரட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று. சிலவற்றுக்குப் பின்னங்கால் முனை தெரிந்தது. பாதிக் கால். அதை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது.

"சாயங்காலத்துக்குள்ள வந்தாத்தான்..." என்றது பச்சையம்மா. சேற்றைக் கையால் வாரி ஓரத்தில் அணை கட்டிக்கொண்டிருந்தது.

கரிச்சான் அந்தச் சேற்று அணையைப் பார்த்தது. பிறகு பறந்து போய் சடையாண்டியின் குகை வாசலில் ஒரு புதருக்குள் புகுந்தது. காட்டெருமையின் கனமும் நரியின் நிதானமும் சேர்த்து, சளி பிடித்தது போல ஒரு குரலை எடுத்தது.

"சடையாண்டி சார்."

"யாரது?"

"நான் ஓர் அதிகாரி. பேர் சொல்ல விரும்பல."

சடையாண்டியின் உடம்பு முழுக்க ரோமம் சிலிர்த்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தன்னைத் தேடி வர வேண்டும் என்பது அதன் நெடுநாள் கனவு. "சொல்லுங்கய்யா. உங்களை முழுசா நம்புறேன்."

"மோட்டார் பிளக்கைப் பிடுங்கினது ஒரு தனி ஆசாமி. பொதுக் கரண்டைத் தன் வீட்டுக்கு இழுத்து வச்சிருக்கான். வயர் இன்னும் மோட்டார் ரூமுக்குள்ளதான் இருக்கு. பிடிச்சுக்கிட்டே போனா அவன் வீட்டுல விடும்."

"வீடு யாருதுங்கய்யா?"

"அதை நான் சொல்றதைவிட, நீங்க நேரலையில கண்டுபிடிச்சா நல்லாருக்கும்."

"ஐயா, நீங்க தெய்வம்."

"இன்னொண்ணு. முதல்ல அவன் பிளக்கைப் பிடுங்கிட்டு மோட்டாரை மாட்டிடுங்க. அதுவும் நேரலையிலேயே. ஜனங்க கைதட்டுவாங்க."

சடையாண்டி போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிக்கொண்டு ஓடியது. பொதுச் சொத்துப் பலகையைத் தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக முன்வாசல் வழியாக மோட்டார் அறைக்குள் நுழைந்து, நேரலையைத் தொடங்கியது. காடு முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்க்க உட்கார்ந்தது.

"நண்பர்களே, கேள்வி கேட்டோம், இதோ பதில். பார்த்தீங்களா இந்த வெள்ளை வயரை? குட்டிங்க சேத்துல துடிக்குது, இந்தப் படுபாவி கரண்டை உறிஞ்சிக் குடிக்கிறான். இவன் யாரா இருந்தாலும் சரி, என் அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி, நான் தண்டனையை இப்பவே சொல்றேன். இவன் போனைப் பறிக்கணும். இந்த ரூம் வாசல்ல உக்கார வைக்கணும். போறவன் வர்றவன் எல்லாரும் கேள்வி கேக்கணும். இவன் ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேக்காம பதில் மட்டும் சொல்லணும். சம்மதமா?"

சம்மதம் என்று இலை கொட்டியது. 'இன்னும் கடுமையாக வேண்டும்' என்றது காட்டுப்பன்றி. "போன் ஜென்மத்துக்கும் கிடையாது," என்று கூட்டிக்கொடுத்தது சடையாண்டி.

பிறகு ஒரே இழுப்பில் வெள்ளை வயரைப் பிடுங்கி எறிந்தது. மோட்டாரின் பிளக்கைச் சொருகியது. மோட்டார் ஒரு முறை கனைத்து, நடுங்கி, ஓட ஆரம்பித்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே பச்சையம்மா சேற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

'சடையாண்டி அண்ணன்தான் அடுத்த தலைவர்' என்று மந்தி எழுதி, உறுதிப்படுத்தாமலே பகிர்ந்தது.

"இருங்க, இருங்க. இன்னும் முடியல. இப்ப அவன் வீட்டுக்குப் போவோம்."

ஒரு கையில் வயர், ஒரு கையில் போன். அறையைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் இறங்கியது. வழியைப் பார்க்கவில்லை, திரையை மட்டும் பார்த்தது. திரையில் எல்லாமே புது ஊர் மாதிரிதான் தெரிந்தது. பாறைப் பிளவு வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, பின்பக்கமாகவே உள்ளே நுழைந்தது. அந்தப் பிளவு வழியாக வயரை விட்டிருக்கிறதே தவிர, தான் ஒருநாளும் வந்ததில்லை.

"உள்ள வந்துட்டோம் நண்பர்களே. ஆள் இல்ல, ஓடிட்டான். படுக்கையைப் பாருங்க, எத்தனை இலை. ஊரு தாகத்துல கிடக்க, இவனுக்கு மெத்தை. இது என்ன, தேன்சட்டி." விரலை விட்டு நக்கியது. "நல்ல தேன். என் வீட்டுத் தேன் மாதிரியே இருக்கு. எங்கிட்ட இருந்துதான் திருடியிருப்பான்."

'அண்ணே,' என்று மந்தி எழுதியது. 'அந்தச் சட்டி...'

"குறுக்க பேசாதீங்க. இங்க பாருங்க அநியாயத்தை. எனக்குக் கொடுத்த கேடயத்தைப் போலவே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கான். போலிக் கேடயம். பேர்கூட என் பேரையே போட்டிருக்கான். எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க."

கருத்துகள் நின்றுபோயின. காடே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நரி எதையோ எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொண்டது.

தூரத்தில் பச்சையம்மாவின் குரல் கேட்டது. "தொட்டி வழியுது. பள்ளத்துல விழுது. டேய் தம்பி, விழுதுடா."

"கேட்டீங்களா மக்கள் குரலை," என்றது சடையாண்டி. களைப்பாக இருந்தது. இலைப்படுக்கையில் உட்கார்ந்தது. படுக்கையிலிருந்த குழி, அதன் பின்புறத்துக்கு அளவெடுத்துத் தோண்டியது போல இருந்தது. "ஆளு நம்ம சைசுதான் போல. சரி, திரும்பி வர்ற வரைக்கும் இங்கேயே காத்திருப்போம். எப்படியும் வீட்டுக்கு வந்துதானே ஆகணும். ஒரு நிமிஷம் நண்பர்களே, பேட்டரி தீரப் போகுது."

இடது கையைப் பின்னால் நீட்டியது. பார்க்கவில்லை. பார்க்காமலேயே வயரின் நுனி இருக்கும் இடம் கைக்குத் தெரிந்திருந்தது. எடுத்துப் போனில் சொருகியது.

ஏறவில்லை.

கழற்றி, வாயால் ஊதி, மறுபடி சொருகியது. ஏறவில்லை.

"என்ன இது, கரண்ட் இல்ல. இப்பத்தானே இருந்துச்சு. எவன்டா என் பிளக்கைப் பிடுங்..."

வாய் அப்படியே நின்றது.

கண் மட்டும் நகர்ந்தது. போனிலிருந்து வயருக்கு. வயரிலிருந்து பாறைப் பிளவுக்கு. பிளவிலிருந்து கேடயத்துக்கு. கேடயத்தில் எழுதியிருந்த பெயரை, முதல்முறை படிப்பது போல எழுத்துக் கூட்டிப் படித்தது. வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குகை வாசலில் யாரோ, அச்சு அசலாகச் சடையாண்டியின் குரலிலேயே, மெதுவாகக் கேட்டார்கள்:

"நண்பர்களே, கேள்வி கேட்போமா?"

இங்கேதான். இப்போது சிரிக்கலாம்.

நீதி: குற்றவாளியின் வீட்டை நேரலையில் காட்டக் கிளம்புகிறவர்கள், முதலில் நேரலை இல்லாமல் ஒருமுறை போய், அது யார் வீடு என்று பார்த்துவிட்டு வரவும்.